செல்வியக்கா தூங்கும் நேரத்துக்கு ஒரு ஆம்ப்

மே 5, திங்கள்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். லேபில் கூட்டம். காய்ச்சல் பதினோரு பேர், சர்க்கரை ஒன்பது பேர், ஊசியைப் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போன பெரியவர் ஒருவர்.

மத்தியானம் ரெ. போன். பதினேழாம் தேதி, சனிக்கிழமை, வருகிறாளாம். கிதாரோடு. ஐந்து மாதத்துக்குப் பிறகு. போனை வைத்துவிட்டு ஒரே ஸ்லைடை அரை மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது என்ன என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே இருந்தது பதினெட்டு மாதம். பிறகு எனக்கு இந்த அரசாங்க வேலை வந்தது. முதலில் தர்மபுரிப் பக்கம், மூன்று வருஷமாக இந்தக் கொல்லிமலை, செம்மேடு, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் மாடி. அவள் சென்னையில். கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஏழாவது மாடியில் தீப்பெட்டி பிளாட்.

கிதாரைச் செருகி வாசிக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்காக அவள் போட்ட உத்தரவு, அப்படியே: "ஒரு ஆம்ப் ரெடி பண்ணி வை. சத்தம் கனமா இருக்கணும். ஆனா செல்வியக்கா முழிச்சுக்கக் கூடாது."

அக்கா கீழ் வீட்டு நர்ஸ். இன்னொரு நர்ஸ் பிரசவ லீவில் போனதால் மாதம் முழுக்க இவருக்கு நைட் டியூட்டி. காலையில் வந்து சமைத்து, பதினொரு மணிக்குப் படுத்தால் சாயங்காலம் ஆறு. படுக்கும்போது கதவுக் கொண்டியில் ஈரத்துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார். இந்தக் குவார்ட்டர்ஸில் அது சட்டம். துண்டு தொங்கினால் மிக்சி கிடையாது, குக்கர் விசில் கிடையாது, படியில் செருப்புச் சத்தம்கூடக் கிடையாது.

சரி, ஆறு மணிக்கு மேல் வாசிக்கலாமே என்றால், பக்கத்து வீட்டு டாக்டரின் கைக்குழந்தை அப்போதுதான் தூங்கப் போகும். ஆக, இந்தக் கட்டிடத்தில் எந்நேரமும் யாரோ தூங்குகிறார்கள்.


மே 6, செவ்வாய்

மழை வரும் போலிருந்து வரவில்லை.

பிரபுவுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் படித்தபோது எங்கள் ராக் கூட்டத்துக்கு டிரம்ஸ் அவன்தான். நானும் ரெ.யும் கிதார். இப்போது சேலத்தில் மைக்செட் வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாம்.

"குவார்ட்டர்ஸ்ல ஹெவி மெட்டல் வாசிக்கப் போறியா? ஏண்டா, கல்யாணமாகிப் புத்தி வந்திருக்கும்னு நெனச்சேன்."

திட்டினாலும் ஆள் தங்கம். கடையில் இரண்டு ஆம்ப் இருக்கிறதாம். இரண்டையும் அனுப்புகிறேன், வைத்துப் பார், பிடித்ததை எடுத்துக்கொள், மற்றதைத் திருப்பி அனுப்பு என்றான்.

ஒன்று: பதினைந்து வாட், வால்வு போட்டது, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
இரண்டு: மேஜையில் வைக்கும் சின்னது. பெரிய ஆம்புகளின் சத்தத்தையெல்லாம் உள்ளே காப்பியடித்து வைத்திருக்கும் டிஜிட்டல்.

எனக்கு மனசு முதலாவதில். இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள்.

மாறுதல் விண்ணப்பம் போடக் கடைசி நாள் இருபது என்று ஆபீஸில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். மனைவி வேறு ஊரில் வேலை பார்த்தால் முன்னுரிமை. அவள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். ரெ.க்கு உடனே செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.


மே 8, வியாழன்

ஆம்புகள் பஸ்ஸில் வந்து அத்தா கடையில் இறங்கிவிட்டன. சேந்தமங்கலத்தில் அத்தாவுக்கு இரும்புக் கடை. அரை நாள் லீவு போட்டுக் கீழே இறங்கினேன். கீழே சரியான வெயில், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அத்தா பெரிய ஆம்பை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார்.

"என்னப்பா இது, கல்லாப்பெட்டியாட்டம் கனக்குது? உள்ள என்னதான் வெச்சிருக்கான்?"

"பாட்டுப் பெட்டிங்கத்தா."

"பாட்டு இவ்வளவு கனமாவா இருக்கும்?" கொஞ்ச நேரம் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார். "மருமக வாராளாமே. இருப்பாளா, வந்ததும் ஓடிருவாளா?"

"சனி, ஞாயிறு."

"ரெண்டு நாளைக்கு இவ்வளவு பெரிய பெட்டி." டீ வரவழைத்தார்.

பஸ்ஸில் ஆம்பை மடியிலும் வைக்க முடியாது, மேலேயும் வைக்க முடியாது. மலைப்பாதையின் எழுபது வளைவும் காலால் முட்டுக்கொடுத்தபடி வந்தேன். கண்டக்டர், "ஃபிரிட்ஜுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கத் தெம்பில்லை.

கடிதம் பற்றி ரெ. இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஆம்ப் படத்தை அனுப்பியதும் மூன்று நிமிஷத்தில் ஒன்பது செய்தி. வால்வு எத்தனை, பின்பக்கம் திறந்ததா மூடியதா, ஸ்பீக்கர் பழசா. சந்தோஷமாகத்தான் இருந்தது. கோபமாகவும் இருந்தது.


மே 9, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு லேபில் ஒரு மணி நேர வேலை. நான்கு மணிக்கு வீடு. துண்டு தொங்குகிறது. ஜன்னலைச் சாத்தி, திரையைப் போட்டு, பெரிய ஆம்ப்.

வால்யூம் ஒன்றில்: கொசு. உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடித்தால் வர வேண்டிய அந்தத் தும்... தும்... வரவே இல்லை. ஆம்ப் சத்தத்தைவிட என் விரலிடுக்கில் இருக்கும் பிக் கம்பியில் படுகிற டிக் டிக் பெரிதாகக் கேட்டது. கெயினை ஏற்றினேன். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற திருகு அது. இன்னும் ஏற்றினேன். முழுக்க ஏற்றினேன். இப்போது நூறு கொசு.

வால்யூம் இரண்டில்: கொஞ்சம் உயிர்.

மூன்றில்: அம்மம்மா. அதுதான். கோயம்புத்தூர் ஹாஸ்டல் பின்னால் தகரக் கொட்டகையில், ரெ. எனக்கு எதிரே நின்று தலையை ஆட்டிக்கொண்டு வாசிப்பாளே, அந்தச் சத்தம். நெஞ்செலும்பில் வந்து விழுந்தது. ஒன்றரை நிமிஷம் வாசித்தேன். அலமாரியில் டம்ளர்கள் நடக்க ஆரம்பித்தன. அணைத்துவிட்டேன்.

ஆறு மணிக்குக் கீழே போய் அக்காவிடம் கேட்டேன். "தொந்தரவா இருந்துதுங்களாக்கா?"

"பரவால்லீங் தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு."

நிம்மதி. வால்யூம் இரண்டு தாங்கும் போலிருக்கிறது.


மே 11, ஞாயிறு

இரண்டு நாளாக அதே நேரம், அதே வேலை. தினமும் அக்காவிடம் கேட்கிறேன். தினமும் பரவாயில்லை.

இன்று சின்ன ஆம்பும். இந்தப் பொடிப்பயல் ஆச்சரியம்தான். இரண்டு கைக்குள் அடங்கும் பெட்டியிலிருந்து இவ்வளவு பெரிய சத்தமா? மெதுவாக வைத்தாலும் மெலியவில்லை. ஆனால் கண்ணை மூடிக் கேட்டால், யாரோ பக்கத்து அறையில் போட்ட ரிக்கார்டு. காது ஒப்புக்கொள்கிறது, நெஞ்சு ஒப்புக்கொள்ளவில்லை.

ஹெட்போன் மாட்டியும் பார்த்தேன். எல்லாம் மண்டைக்குள்ளேயே நடந்து மண்டைக்குள்ளேயே முடிகிறது. கழற்றியதும் வீடு அவ்வளவு அமைதி. பிடிக்கவில்லை.

ரெ. மூன்று மணிக்கு அழைத்தாள். மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி ஓரம் நின்றால்தான் எனக்குச் சிக்னல்.

"கெயின் எவ்வளவு வெச்சிருக்கே?"

"ஃபுல்லு."

"அறிவிருக்கா? சத்தத்தைக் குறைச்சா எல்லாரும் பண்ற தப்பு அது. கெயினைப் பாதியாக் குறை. நடுவுல இருக்கற மிட் திருகைத் தூக்கு. நீ காலேஜ்லயே மிட்டைத் தொட மாட்டே."

"சரிங்க டீச்சர்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கடிதம் வாங்கினியா?" என்றேன்.

தொட்டி விளிம்பில் பாசியைச் சுரண்டினேன்.

"பிரின்சிபால் லீவு."

"இருபதாம் தேதி கடைசி, ரெஹானா."

"தெரியும் சலீம். மிட்டைத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லு." வைத்துவிட்டாள்.

அவள் பொய் சொல்லும்போது என் பெயரைச் சொல்லுவாள். மற்ற நேரமெல்லாம் வெறும் நீ, வா, போ. நாலு பேர் முன்னால் என்றால் ஏங்க.


மே 12, திங்கள்

வெட்கக்கேடு.

காலை ஏழரைக்கு வார்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். செல்வியக்கா மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ஆயாம்மாதான் தோளைத் தொட்டு எழுப்பினார். "மூணு நாளா இப்படித்தானுங்க. பகல்ல தூக்கமே இல்லையாம்."

வெளியே மரத்தடியில் பிடித்துக் கேட்டேன்.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. என் சத்தம் கேக்குதுங்களா?"

"அட இல்லீங் தம்பி. காதுல ஒண்ணுமே கேக்கல."

"அப்பறம் ஏன் தூங்கல?"

"காதுல கேக்கல கண்ணு." தயங்கினார். "கட்டில்ல கேக்குது."

இரும்புக் கட்டிலாம். சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார். நான் மேலே தரையில் ஆம்பை வைத்து அடிக்கிற ஒவ்வொரு அடியும் தளம் வழியாகச் சுவருக்கு, சுவரிலிருந்து கட்டிலுக்கு. கனமான சத்தம் காற்றில் குறைந்தாலும் கான்கிரீட்டில் குறையாது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தொண்ணூறு வாங்கினவன் நான்.

"ஏனுங்கக்கா, முதல் நாளே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ஊட்டுக்காரம்மா வாராங்கன்னு ஆசையாத் தட்டிக்கிட்டு இருக்கறீங்க. வேண்டாமுன்னு எப்படிங் தம்பி சொல்றது? வாய் வரல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று நாள் பரவால்லீங்க என்று சொன்னதை அப்படியே நம்பினேனே. இதே ஊர்க்காரன்தானே நான், எங்கள் ஊரில் பரவால்லீங்க என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா?

இன்று ஆம்பைத் தொடவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தேன். ரெ. இல்லாத வீட்டில் எல்லாச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.


மே 13, செவ்வாய்

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். செல்வியக்கா. கூடவே ஒரு கோணி மூட்டை. இதே மலையில் வாழவந்தி நாட்டில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு மூட்டையை பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

"சாமை உமிங்க. எங்கூட்டுல சும்மா கெடந்துச்சு. மெத்துனு இருக்கும், ஆட்டம் கீழ எறங்காது. இதும்மேல அந்தப் பொட்டிய வெச்சுப் பாருங்க."

"உங்களுக்கு எப்படீங்கக்கா தோணுச்சு?"

"எங்கண்ணன் மாவு மெசின் வெச்சிருந்தான். அடில உமி மூட்டையப் போடாட்டி ஊடே குலுங்கும்."

ஆம்பை மூட்டை மேல் வைத்தோம். அக்கா கீழே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் வால்யூம் இரண்டில் அடித்தேன். கரண்டியால் சுவரில் ஒரு தட்டு என்றால் கேட்கிறது, இரண்டு தட்டு என்றால் இல்லை என்று ஏற்பாடு.

இரண்டு தட்டு.

பொய்யாக இருக்கக் கூடாதே என்று கீழே இறங்கிப் போனேன். என் போனில் பதிவு செய்த அதே அடியை மேலே ஆம்ப் வழியாக ஓடவிட்டு, நானே அவர் கட்டில் சட்டத்தில் கை வைத்துப் பார்த்தேன். லேசாக ஏதோ. பூனை நடந்த மாதிரி.

"இதுக்கெல்லாம் முழிச்சா நான் நர்சே இல்லீங்க" என்றார்.


மே 15, வியாழன்

மூன்று மணிக்கு இடியோடு மழை. அரை மணி நேரத்தில் நின்றது. பலாப்பழ வாசம் ஊர் முழுக்க.

ரெ. சொன்னபடி செய்தேன். கெயின் பாதி. மிட் ஏறக்குறைய முழுக்க. பாஸைக் கொஞ்சம் குறைத்தேன், மனசே இல்லாமல். மூட்டைக்குக் கீழே ஸ்டூல் வைத்து ஆம்பைக் காது உயரத்துக்குத் தூக்கினேன். வால்யூம் ஒன்றரை.

அவள் சொன்னது சரி. எப்போதும் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. கொசு போய்விட்டது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. தகரக் கொட்டகைச் சத்தம் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குப் போகும் வழியில் எங்கோ இருக்கிறது. பேசும் குரலளவு சத்தத்தில் இவ்வளவு கனம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பெரியதில் நான், சின்னதில் ரெ. அல்லது மாற்றி. அவள் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

வாங்கி வைத்தது: எலுமிச்சை (வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும்), புது பிக் நாலு, அன்னாசி ஒன்று, கம்பி ஒரு செட், தலையணை உறை. தலையணை உறையை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். பைத்தியக்காரன்.

கடிதம் பற்றிக் கேட்கவில்லை. இந்த வாயைக் கட்டி வைத்திருக்கிறேன், பார்க்கலாம் எத்தனை நாளைக்கு என்று.


மே 17, சனி

வந்துவிட்டாள்.

பதினொன்றேகால் பஸ். முகமெல்லாம் வெளிறி, கிதார்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். எலுமிச்சையை நீட்டினேன். வாங்கி முகர்ந்துவிட்டு, "அறுபத்து நாலாவது வளைவு வரைக்கும் தாங்கிட்டேன்" என்றாள். மெலிந்திருக்கிறாள். காதோரம் இரண்டு நரைமுடி. போனில் தெரியாததெல்லாம் தெரிகிறது.

கீழே துண்டு தொங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் படியேறினோம். கொண்டி ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அங்கேயே சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சாப்பாடு. தூக்கம். நான்கு மணிக்குக் கிதார்.

உமி மூட்டையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில், உஷ் என்று வாயைப் பொத்த வேண்டியதாயிற்று. பெரிய ஆம்பைத்தான் கேட்டாள். ஒரு அடி அடித்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். மிட்டை இன்னும் ஒரு மயிரிழை ஏற்றினாள். அவ்வளவுதான், என் ஒரு வார வேலை ஒரு மயிரிழையில் சரியாகிவிட்டது.

முதல் பத்து நிமிஷம் சேரவே இல்லை. போனில் நாங்கள் எத்தனை முறை சேர்ந்து வாசிக்கப் பார்த்திருக்கிறோம். நான் அடிப்பது அவளுக்கு அரை நொடி கழித்துப் போகும், அவள் அடிப்பது எனக்கு இன்னும் அரை நொடி கழித்து வரும், சண்டையில் முடியும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தோம். "காத்திருக்காத. நான் இங்கதான இருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு சேர்ந்தது.

நாலே முக்காலுக்கு மழை, இடி, கரண்ட் போயிற்று. ஆம்ப் இரண்டும் செத்தன. இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவள் நிறுத்தவில்லை. வெறும் கம்பியில் வாசித்துக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். இன்னும் கேட்கவில்லை. இன்னும் இழுத்தேன். கடைசியில் முழங்காலோடு முழங்கால் இடித்தது. அப்போது கேட்டது.

கரண்ட் ஆறு மணிக்கு வந்ததாம். எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

ஆறரைக்கு அக்கா டீயோடு மேலே வந்தார். "நல்லாத் தூங்கினேனுங்க. எப்ப வாசிப்பீங்க ரெண்டு பேரும்?" என்றார்.


மே 18, ஞாயிறு

இரண்டரை பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்கு வார்த்தைகள் மாறிவிடும்.

பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் இருந்தது. பலாச்சுளை வாங்கிக் கொடுத்தேன். தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கடிதம் வாங்கிட்டேன். பத்து நாள் முன்னாடியே. பையிலதான் இருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்பறம் ஏன் பிரின்சிபால் லீவுன்னு கதை விட்டே?"

"கத்தாத. பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? நான் வாரதுக்கா?"

"ஆமா."

பஸ்ஸில் யாரோ கோழியோடு ஏறினார்கள். அது கத்தி முடித்ததும் சொன்னாள்.

"நாம ஒரே ஊட்டுல பதினெட்டு மாசம் இருந்தோம். அதுல சேந்து வாசிச்சது எத்தனை நாள், சொல்லு?"

யோசித்தேன். "ரெண்டு, மூணு இருக்கும்."

"ரெண்டு. ரெண்டாவது நாள் பாதில நீ போனைப் பாக்கப் போயிட்டே. நானும் தேடல. அப்பறம் நீ டிவி முன்னால, நான் பேப்பர் திருத்திக்கிட்டு. சண்டைகூட இல்ல. அதான் எனக்குப் பயம். இப்ப நீ உமி மூட்டை மேல ஆம்பைத் தூக்கி வெச்சு எனக்காகத் தேடறே. பக்கத்துல வந்துட்டா தேட மாட்டே சலீம். நானும் மாட்டேன்."

பெயரைச் சொன்னாள். ஆனால் இந்த முறை பொய் இல்லை.

"அப்ப இப்படியே தூரமா இருந்துக்கிட்டே ஏங்கிச் சாகலாம்கறியா?" என்று கேட்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், எழுதுவதில் என்ன வெட்கம்.

பையிலிருந்து கவரை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "நீயே முடிவு பண்ணு. அனுப்பலேன்னா கோவிச்சுக்க மாட்டேன். அனுப்பினீன்னா, டெய்லி வாசிக்கணும். பத்து நிமிஷமாவது. அதான் கண்டிஷன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நிறைய ஆட்கள். "ஏங்க, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.


மே 19, திங்கள்

வெயில், மழை, மறுபடி வெயில். எட்டு மலேரியா ஸ்லைடு. ஒன்றும் இல்லை எதிலும்.

கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டே வரி. இன்னார் இங்கு உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறார் என்று சான்றளிக்கப்படுகிறது.

நேற்று அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் தொந்தரவு. அந்தப் பதினெட்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தேன் நான்? அவள் சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள், அது என்ன பாட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அதைக் கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பிரபு போன். "எதுடா வெச்சுக்கறே?"

"சின்னது."

"பெருசுதானே உனக்கு உசுரு?"

"ஏழாவது மாடிக்கு அது ஆகாது."

"பெருசை பஸ்ல போட்டு உடு, நான் எடுத்துக்கறேன்" என்றான்.

துணியைச் சுற்றிக் கட்டினேன். கட்டி முடித்துவிட்டு, மறுபடி அவிழ்த்து, வால்யூம் ஒன்றரையில் கடைசியாக ஒரு அடி. பிறகு கட்டினேன். உமி மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அக்கா வாங்க மாட்டேன் என்கிறார்.

"மெட்ராசுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. அங்கயும் கீழ யாராச்சும் தூங்குவாங்கல்ல?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகலீங்கக்கா."

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"


மே 20, செவ்வாய்

மலை மேல் இணையம் காலையிலிருந்தே சுற்றிக்கொண்டே நின்றது. பத்து மணி பஸ்ஸில் சேந்தமங்கலம். பெரிய ஆம்பை அத்தா கடையில் இறக்கினேன். அத்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்ட்டுப் போ" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெட் சென்டர். எனக்கு முன்னால் ஆறு பேர். மத்தியானம் ஒன்றரைக்கு என் முறை. கம்ப்யூட்டரில் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், வேகமான விரல். பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள், இப்போது வேலை பார்க்கும் இடம். கடிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றினாள்.

"காரணம், சார்?"

"மனைவியோட இருக்கணும்."

"அப்படிப் போட முடியாதுங்க. குடும்பச் சூழல்னு போட்டுரட்டுங்களா?"

"போடுங்க."

"மூணு எடம் கேக்குதுங்க. முதலாவது?"

"சென்னை."

"ரெண்டாவது?"

திரையில் ஊர்களின் பட்டியல் நீளமாக இறங்கிக்கொண்டே போயிற்று. செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம். ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து எவ்வளவு தூரம் என்று மனசு தானாகவே போட்டுப் பார்த்தது. ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். இரண்டு.

"ரெண்டாவது இல்லீங்க."

"சார், காலியா உடக் கூடாதுங்க. முதல் எடம் கெடைக்கலேன்னா அவங்க இஷ்டத்துக்கு எங்க வேணாலும் தூக்கிப் போட்டுருவாங்க. பின்னால இங்க வந்து என்னையத் திட்டறாங்க எல்லாரும். இப்ப இருக்கற எடத்தையாவது ரெண்டாவதாப் போட்டு வைங்க."

"வேண்டாங்க. காலியாவே இருக்கட்டும்."

விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒருக்காத் தட்டுனா மாத்த முடியாதுங்க சார். நல்லா யோசிச்சீங்களா?"

"மூணு வருஷமா யோசிச்சுட்டேனுங்க. தட்டுங்க."

தட்டினாள்.